வெட்டர்மோஸில் கை தூக்கிய ஞாயிறு

போன கிழமை ஒரு பின்னேரம், லண்டனில், செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மகள் ஜியோகிரஃபி படித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, "அப்பா, டூ யூ நோ வட் அ மொரேன் இஸ்?" என்று கேட்டாள். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. போனிடம் கேட்பதற்கு முன் பெற்ற தகப்பனிடம் ஒரு மரியாதைக்குக் கேட்டுவைத்தாள், அவ்வளவுதான்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மொரேனா? என்னிடமா கேட்கிறாய்? அடி பிள்ளை, நான் அதற்கு மேலே ஏறி இறங்கியே என் இளமையைக் கழித்தவனடி!

புத்தகத்தைப் பறித்துப் பார்த்தேன். ஒரு பள்ளத்தாக்கின் படம். பனியாறு ஊர்ந்து போகையில் தன் ஓரங்களில் தள்ளிவிட்டுப் போன கல்லும் மண்ணும் நீண்ட மேடாகக் குவிந்து கிடக்கும். அந்த மேடுதான் மொரேன். இதைச் சொல்லி முடித்திருந்தால் பிள்ளைக்குப் போதும். எனக்குப் போதவில்லை. கரண்ட் பில் வந்த உறையின் முதுகில் படம் வரைய வெளிக்கிட்டேன். இந்தா மேடு, இந்தா ஓடை, இந்தா சதுப்பு, இந்தப் பக்கம் தேவாலயம், அந்தப் பக்கம் மார்த்தாவின் விடுதி. குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"தொடங்கீட்டார். பிள்ளை, நீ ஹோம்வேர்க்கை நாளைக்குச் செய். இண்டைக்கு இனி வெட்டர்மோஸ்தான்."

ஓம், வெட்டர்மோஸ்தான். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். சுவிட்சர்லாந்திலேயே பாதிச் சனம் கேள்விப்பட்டிராத ஒரு சின்னக் கிராமம். கிராமம் என்றாலும் தனக்கென்று ஒரு நிர்வாகம், ஒரு தலைவர், ஒரு தீயணைப்பு வண்டி, எல்லாவற்றையும் கூடித் தீர்மானிக்க ஓர் ஊர்க்கூட்டம் என்று எல்லாம் வைத்திருந்த கிராமம். என் வயதில் பாதிப்பேர் சுவிஸ் என்றதும் பனிமலை, ரோஜா நிற மாலை வெயில், கதாநாயகி புடவையில் ஓடுவது என்று நினைத்துக்கொள்வார்கள். ஐயோ, எங்கள் ஊரில் மலையே இல்லை! வானம் வெளித்த நாட்களில் தூரத்தில் மலை தெரியும். அந்த மலை வேறு ஆட்களுடையது. எங்களுடையது அந்த மேடு மட்டும்தான், ஒரு பெரிய மாடு படுத்திருக்கிற மாதிரி.

அந்த மேட்டின் முதுகில் மேலூர். அங்கே தேவாலயமும் பழைய பண்ணை வீடுகளும். அடிவாரத்தில், ஓடைக்கரையில் கீழூர். அங்கே விடுதியும் பள்ளிக்கூடமும் பால் கொண்டுவந்து ஊற்றுகிற பால்கூடமும். இரண்டுக்கும் நடுவில் சதுப்பு நிலம். ஓடையின் தண்ணீர் செம்மண் கரைத்தது போல இருக்கும். நிலத்தடியில் இரும்பு இருக்கிறது என்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிழங்கு வயலின் நட்டநடுவே ஒரு வீட்டளவு கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்லே அல்ல. பனியாறு எங்கோ தூரத்து மலையில் அதை உடைத்து, சுமந்துவந்து, இங்கே வைத்துவிட்டு உருகிப்போய்விட்டது. அந்தக் கல்லும் என்னைப் போலத்தான் என்று எழுதினால் கட்டுரை வடிவாக இருக்கும். ஆனால் கல்லிடம் ஒருவரும் விசா கேட்கவில்லையே!

பனி கரைந்ததும் மாட்டுச் சாணியையும் மூத்திரத்தையும் கரைத்து வயலெல்லாம் பீய்ச்சுவார்கள். முதல் வருடம் நான் யன்னலையே திறக்கவில்லை. மூன்றாம் வருடம் அந்த மணம் வந்தால்தான் குளிர் முடிந்தது என்று மனசு துள்ளும். இப்போதும் எசெக்ஸ் பக்கம் காரில் போகையில் ஏதாவது வயலிலிருந்து அந்த மணம் வந்தால் நான் கண்ணாடியை இறக்கிவிடுவேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள். மனைவி என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பது பெரிய கதை ஒன்றும் இல்லை. நாட்டை விட்டு ஓடிவந்த பொடியன்களை அந்த அரசாங்கம் மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பியது. நான் விழுந்த மாநிலத்தில் சமையலறை வேலைதான் கிடைத்தது. மார்த்தாவின் விடுதியில் பாத்திரம் கழுவத் தொடங்கி, உருளைக்கிழங்கு சீவி, கடைசியில் அடுப்படியே என் கைக்கு வந்துவிட்டது. மார்த்தா கணவரை இழந்தவர். நல்ல உயரம், அகலமான கைகள். வாயைத் திறந்தால் அதட்டல்தான். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் விடுதியையே பூட்டிவிட்டு என் தலைமாட்டில் இருந்த மனுஷி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த ஊரார் பேசியதை எல்லாம் இங்கே என் பேச்சிலேயே தருகிறேன். அவர்களுடைய ஜெர்மன் ஜெர்மன்காரருக்கே விளங்காது. அதைச் சுத்தத் தமிழில் எழுதினால் அவர்களே கோபிப்பார்கள். யாழ்ப்பாணத் தமிழ்தான் அவர்களுக்குப் பொருந்தும் என்பது என் பல வருட முடிவு.

மேலூருக்கும் கீழூருக்கும் ஆகவே ஆகாது. எங்கள் ஊரில் திருவிழா வந்தால் வடக்கு வீதியும் தெற்கு வீதியும் முறுகிக்கொண்டு நிற்குமே, அதே கதைதான். தீயணைப்பு வண்டிக்குக் கொட்டகை கட்ட வேண்டிவந்தபோது மேலே கட்டு, கீழே கட்டு என்று இழுபறிப்பட்டு, கடைசியில் ஒருவருக்கும் நட்டமில்லாமல் சரி நடுவில் கட்டினார்கள். நடு என்றால் சதுப்பு. கொட்டகை ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. நான் போனபோதும் சரிந்துதான் நின்றது. வண்டியை வெளியே எடுக்க இரண்டு பேர் தள்ளவேண்டும். இதைச் சொல்லி நான் விழுந்து விழுந்து சிரித்தபோது மார்த்தா என்னைச் சிரிக்காமல் பார்த்தார். சிரிக்கிற உரிமை இன்னும் எனக்கு வரவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

உரிமை என்றதும் அக்காவின் ஞாபகம் வருகிறது. அம்மாவும் அப்பாவும் போனபின் என்னை வளர்த்தது அக்கா. அவள் லண்டனில், ஸ்ட்ரெதத்தில் ஒரு கடையின் மேல்மாடி அறையில் இருந்தாள். அவளுடைய அகதி வழக்கு குரோய்டனில் குடிவரவுத் திணைக்களத்தின் பெரிய கட்டிடத்துக்குள் வருடக் கணக்காகக் கிடந்தது. அது முடியும்வரை இங்கிலாந்தை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. என்னிடம் இருந்த அகதிக் கடதாசிக்கு இங்கிலாந்து விசா தர மாட்டேன் என்றுவிட்டது. மறுபடி கேட்டேன், மறுபடியும் இல்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாடும் ஒரு ஒடுங்கிய கடலும்தான். விமானம் ஏறினால் தேநீர் குடித்து முடிக்குமுன் வந்துவிடும். ஆனால் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வருடங்கள் ஆகிவிட்டன. எனக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைத்தால் விசாவே தேவையில்லை, நினைத்தவுடன் போகலாம். வேண்டிய காலம் அங்கே இருந்தாகிவிட்டது. இனி ஊர் சம்மதிக்க வேண்டும்.

போனில் சொன்னபோது அக்கா நம்பவே இல்லை.

"ஆர் தாறது அதை? குரோய்டன் மாதிரி அங்கையும் பெரிய கந்தோர் இருக்கோ?"

"இல்லை அக்கா. ஊர்ச்சனம் கூடிக் கை தூக்குவினம்."

"என்னது? பள்ளிக்கூடத்திலை மொனிற்றர் தெரியிற மாதிரியோ?"

"ஓம், அதே மாதிரித்தான்."

"விசர்க் கதை கதைக்காதை!" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பிடியெண்டா எல்லாரோடையும் சிரிச்சுக் கதை. ஒருதரோடையும் கொழுவாதை. முக்கியமா, வாயைக் குறை."

நான் எங்கே குறைத்தேன்!

ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் ஒரு நேர்முகம். ஊர்த்தலைவரும் இன்னும் இரண்டு பேரும் கூப்பிட்டு வைத்து ஊரின் சரித்திரம், பூகோளம் எல்லாம் கேட்பார்கள் என்று மார்த்தா சொன்னார். யாழ்ப்பாணத்தானிடம் சோதினை என்று ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். மனுஷனுக்குப் பேய் பிடித்துவிடும்! பழைய பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஊரைப் பற்றி எழுதிய புத்தகம் ஒன்று பள்ளிக்கூடத்தில் இருந்தது. அதை வாங்கிவந்து முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை பாடமாக்கினேன். எதிர்பார்க்கை வினாக்கள் தயாரித்தேன். வெட்டர்மோஸின் எல்லைகள் யாவை? ஓடை எங்கே பிறந்து எந்த ஆற்றில் கலக்கிறது? எந்த மடத்துத் துறவிகள் இந்த நிலத்தை ஆண்டார்கள்? மேலூர் எரிந்தபோது எது மட்டும் தப்பியது? மார்த்தா உருளைக்கிழங்கு சீவியபடி கேள்வி கேட்பார், நான் கைகட்டி நின்று ஒப்புவிப்பேன். ஓய்வு நேரத்தில் ஓடைக்கரையில் நடந்து நடந்து சத்தமாகச் சொல்லுவேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் மேய்வதை விட்டுவிட்டு வந்து நிற்கும். அந்த மாடுகளை நேர்முகத்துக்கு அனுப்பியிருந்தாலும் பாஸ்தான்.

அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் சில வரிகள் இருந்தன. முந்தின நூற்றாண்டு ஒன்றில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்திருக்கிறது. ஊரில் ஏழைக் குடும்பங்களுக்குச் சாப்பாடு போட ஊரால் முடியவில்லை. அல்லது மனமில்லை. ஊர்ப்பொதுக் காட்டை வெட்டி விற்று, அந்தக் காசில் கப்பல் டிக்கெட் எடுத்து, அந்தக் குடும்பங்களை அமெரிக்காவுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். புத்தகத்தில் அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஊரின் வயல்களுக்குப் பெயர் தெரியும். சில வயல்களை ஊரில் இல்லாத குடும்பங்களின் பெயரால் சொல்லுவார்கள். அந்தப் பெயர்களும் கப்பலேறியவர்களின் பெயர்களும் ஒன்று! அந்த வயல்களை இப்போது உழுகிறவர் மேலூர் அலோயிஸ். பூகோளத்தையும் சரித்திரத்தையும் நானே பொருத்திக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மார்த்தாவிடம்கூடச் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பொடியன் தன் சிறந்த விடையை முன்கூட்டியே வெளியில் விடுவானா?

நேர்முகம் வந்தது. அவர்கள் ஒரு சரித்திரமும் கேட்கவில்லை! குப்பை எந்தெந்த நாளில் வெளியே வைப்பீர்? ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டலாமா? பக்கத்து வீட்டு நாயின் பெயர் என்ன? எனக்கு அழுகையே வந்துவிட்டது. முழுப் பாடத்திட்டத்தையும் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவனிடம் நாயின் பெயரா? கடைசியில் தலைவர் ஃபைலை மூடிக்கொண்டே, ஒரு பேச்சுக்கு, "வெட்டர்மோஸைப் பற்றி நீர் ஏதாவது சொல்ல விரும்புறீரோ?" என்றார்.

மடை திறந்தது. பனியாறு, மொரேன், சதுப்பு, மடம், தீ, பஞ்சம், காடு வெட்டினது, கப்பல், கப்பலேறிய குடும்பங்களின் பெயர், அந்தப் பெயருள்ள வயல்கள், அவற்றை இன்று உழுகிறவர். மூச்சு விடாமல் சொன்னேன். ஒருவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒருவர் இருமினார். தலைவர், "நல்லாப் படிச்சிருக்கிறீர்" என்றார். நான் பரீட்சையில் அதிவிசேட சித்தி பெற்ற நினைப்போடு விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் கோப்பி குடிக்க வருகிறவர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மார்த்தா அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"என்னத்தையடா சொல்லித் துலைச்சனி?"

"உண்மையைத்தான் சொன்னன். புத்தகத்திலை இருக்குதே."

"அது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதாலைதான் ஒருதரும் சொல்லுறேல்லை."

எனக்கு அந்த இடத்திலேயே காது சுட்டது. இது தெரியாதவனா நான்? எங்கள் ஊரிலும்தான் எந்தக் கிணற்றுக் காணி யாரிடமிருந்து எப்படி யாருக்குப் போனது என்று குஞ்சு குருமானுக்கும் தெரியும். கோயில் முன்றலில் நின்று ஒருதரம் அதை உரத்துச் சொல்லிப் பாருங்கள், சேதி தெரியும். சோதினை என்றவுடன் அந்த ஊர்ப்புத்தி எல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது. அச்சில் இருப்பது எல்லாம் சொல்ல வேண்டிய விடை என்று வளர்ந்தவன் வேறு என்ன செய்வான்?

இங்கே அலோயிஸைப் பற்றிச் சொல்லவேண்டும். உயரமான மனுஷன், வெடித்த விரல்கள். வாழ்நாள் முழுக்க ஊர்க்கூட்டத்தில் எதிர்த்தே கை தூக்கியவர். தெருவிளக்கா? எதிர். வீதிக்குத் தாரா? எதிர். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறதா? ஒழுகட்டும், எதிர். பல தடவை தனியாளாகத் தூக்குவார். தோற்பார். பிறகு இறங்கி வந்து எல்லோரோடும் பியர் குடிப்பார். தினமும் காலையில் என் கோப்பிக்கு வந்த மனுஷன் அந்த நாளோடு வருவதை நிறுத்திவிட்டார். ஒற்றைக் கையாக இருந்தால் பரவாயில்லை. இப்போது மேலூர் முழுக்க அந்தக் கையோடு சேரலாம்.

அக்காவிடம் சொன்னேன். "வாயைக் குறை எண்டு சொன்னனானே!" என்று கத்தினாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். அவள் அழுகிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "எனக்கு உன்னைப் பாக்கவேணும்டா. ஒருக்கா எண்டாலும் பாக்கவேணும்," என்றாள். அவ்வளவு வருடத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு. இடம், எங்கள் விடுதியின் மேல்மாடி மண்டபம். அதைவிடக் கூத்து, கூட்டம் முடிந்ததும் ஊராருக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டியது அடுப்படி, அதாவது நான். என் விஷயம் வந்ததும் தலைவர் என்னை எழுந்து வெளியே போகச் சொன்னார். சம்பந்தப்பட்டவன் இருக்கக்கூடாது என்பது சட்டம். நான் கீழே வந்து சூப் அடுப்பின் முன்னால் நின்றேன். பார்லி சூப், இரண்டு பெரிய பானை.

என் தலைக்கு நேர்மேலே பலகைத் தரை. கதிரை இழுபடும் சத்தம் கேட்கிறது. சப்பாத்துச் சத்தம் கேட்கிறது. அலோயிஸின் கனத்த குரல் கேட்கிறது, சொற்கள் விளங்கவில்லை. உப்புப் போட்டேன். மார்த்தாவின் குரல் கேட்டது. உப்புப் போட்டேனா என்ற சந்தேகத்தில் மறுபடி போட்டேன். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கை தூக்கும்போது சத்தம் வராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எல்லாம் கேட்டது, எனக்கு வேண்டியது மட்டும் கேட்கவில்லை!

மேலே என்ன நடந்தது என்பதை மார்த்தா பிறகு எத்தனையோ தரம் நடித்துக் காட்டியிருக்கிறார். அலோயிஸ் எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாராம்: "அந்தாள் சொன்னது பொய்யில்லை. அந்த வயல் எங்கடை ஆக்கள் எடுத்ததுதான். ஒவ்வொரு வருசமும் உழேக்கை எனக்கு அது தெரியும். ஆனா இன்னும் உள்ளுக்கை வராத ஆள், வாசல்லை நிண்டுகொண்டு எங்கடை வீட்டுக் குப்பையைக் கிளறுறதோ? நான் எதிர்."

மேலூர் வரிசைகளில் தலைகள் ஆடினவாம். அப்போது மார்த்தா எழுந்தாராம்.

"ஊரைப் படி எண்டு சொன்னது ஆர்? நாங்கள். நல்லதைப் படி, மற்றதை விடு எண்டு சொன்னனாங்களோ? ஒருக்கா இந்த ஊர் தன்ரை சனத்தைக் கப்பலேத்தித் துரத்தினது. இண்டைக்கு ஒருத்தன் இங்கை இருக்கப்போறன் எண்டு கேக்கிறான். தூக்கிறவை தூக்குங்கோ. சூப் ஆறுது."

கீழே நான் அகப்பையைப் பிடித்தபடி நிற்கிறேன். படிக்கட்டில் கனத்த சப்பாத்துச் சத்தம். மார்த்தாவாக இருக்கக்கூடாதா என்று சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். கதவைத் திறந்துகொண்டு வந்தது அலோயிஸ். எனக்கு உயிரே போய்விட்டது.

"நான் எதிராத்தான் தூக்கினனான்," என்றார். "அதை நீர் வேறை ஆக்களிட்டைக் கேக்கக்கூடாது. அதுதான் நானே வந்தனான்."

"அப்ப... முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. நான் தோத்துப்போனன். சூப்பைத் தாரும்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது அகப்பை கையிலிருந்து விழுந்துவிட்டது. அலோயிஸ் அதைக் குனிந்து எடுத்து, தானே ஒரு கோப்பையில் சூப் ஊற்றி, ஒரு வாய் குடித்தார்.

"உப்புக் கூட."

அதற்குள் மார்த்தா படிகளில் தடதடவென்று இறங்கிவந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். ஊரே அந்த உப்புச் சூப்பைக் குடித்தது. மேலூரும் கீழூரும் ஒருசேர முகம் சுளித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். நான் அழுதேன், சிரித்தேன், பாண் வெட்டினேன், மறுபடி அழுதேன். எனக்கு எதிராக இருந்தவர்களை அதற்கு முன்னும் கண்டவன்தான் நான். அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பின்னால் வந்தார்கள், அல்லது துவக்கை நீட்டிக்கொண்டு வந்தார்கள். வந்து நின்று, உமக்கு எதிராகத்தான் கை தூக்கினேன், சூப்பைத் தாரும் என்று கேட்ட மனுஷனை அதுவரை நான் கண்டதில்லை. அந்த நிமிடம் அலோயிஸைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அவர் அதற்கும் எதிராகத்தான் இருந்திருப்பார்.

மாநிலமும் மத்திய அரசும் தங்கள் முத்திரையைக் குத்திப் பாஸ்போட் கைக்கு வந்தது. அந்த நாட்டுப் பாஸ்போட்டில் பிறந்த இடம் என்று ஒன்று இருக்காது. சொந்த ஊர் என்று போடுவார்கள். எந்த ஊர் உன்னைத் தன் ஆளாக ஏற்றதோ அந்த ஊர். எனக்கு வெட்டர்மோஸ். அது பிள்ளைகளுக்கும் இறங்கும். இல்ஃபோர்ட் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிறந்து, மாட்டைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த என் மகளுக்கும் சொந்த ஊர் வெட்டர்மோஸ்தான். அவளுக்கு அது பெரிய பகிடி. வகுப்பில் எல்லாரிடமும் காட்டியிருக்கிறாள்.

பாஸ்போட் வந்த கிழமையே லண்டனுக்குப் பறந்தேன். விமான நிலையத்தில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா. நான் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளோ முன்னாலேயே நிற்கிறாள். தலைமுடி வெளுத்திருந்ததால் என் கண் அவளைத் தாண்டிப் போயிருக்கிறது. கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. கையைப் பிடித்தவள் ஸ்ட்ரெதம் போய்ச் சேரும்வரை விடவில்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கக்கூட விடவில்லை. ஒற்றைக் கையால் காசைத் தேடியபோது டிரைவர் சிரித்தார். இரவு முழுக்க ஊர்க்கூட்டக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். உப்புச் சூப் வரும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் திரும்பும் நாளன்று, "உன்ரை ஊராக்களுக்கு என்னடா கொண்டுபோறாய்?" என்று கேட்டு, கடையில் இருந்த முறுக்கையெல்லாம் வாங்கிப் பையில் அடைத்தாள். உன்ரை ஊராக்கள்! அலோயிஸ் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி. நல்லம்," என்றார். காலைக் கோப்பிக்கு மறுபடி வரத் தொடங்கியிருந்தார்.

பிறகு கல்யாணம். அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், பிறக்கப்போகிற பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கவேண்டும் என்று எல்லாரும் போல நாங்களும் லண்டனுக்கு வந்துவிட்டோம். மார்த்தா போய்ச் சேர்ந்துவிட்டார். விடுதி இப்போது நாலைந்து வீடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதாம். மேல்மாடி மண்டபத்தில் யாரோ ஒருவருடைய படுக்கையறை. பால்கூடம் மூடிவிட்டார்கள், பாலை லொறி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அலோயிஸ். வருடப் பிறப்புக்கு மட்டும் எடுக்கிற மனுஷன், அகால வேளையில் எடுக்கிறாரே என்று பதறிப்போனேன்.

"வெட்டர்மோஸ் முடிஞ்சுது," என்றார். "பக்கத்துப் பட்டணத்தோடை சேத்தாச்சு. பேரும் இல்லை இனி."

"ஆர் சேர்த்தது?"

"ஆர் சேர்க்கிறது? நாங்கள்தான். கூட்டம் வைச்சு, கை தூக்கி. இப்ப இஞ்சை இருக்கிறது காலமை நகரத்துக்கு வேலைக்குப் போய்ப் பொழுதுபடப் படுக்க வாற சனம். அவைக்கு வரி குறைஞ்சாச் சரி."

"நீங்கள்?"

"எதிர்."

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. பிறகு சொன்னார்: "உம்மடை விஷயத்திலை நான் தோத்தனான். அது நல்லதாப் போச்சு. அதை நான் உமக்கு ஒருக்காலும் சொல்லேல்லை. இதிலை தோத்தது..." முடிக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கிறவன் ஊர்க்கூட்டத்தில் கை தூக்க முடியாது. "நான் அங்கை இருந்திருந்தா எதிராத்தான் தூக்கியிருப்பன்," என்றேன்.

"தெரியும்," என்றார். "தூக்கியிருந்தாலும் தோத்திருப்பம்."

நான் பிறந்த ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில். அதை இலங்கை ஆமி முகாமுக்கென்று எடுத்தபோது ஒருவரிடமும் கேட்கவில்லை. வேலி போட்டார்கள், சனத்தைப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். வெட்டர்மோஸ் அப்படிப் போகவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு, உட்காரவைத்து, கேட்டு, எண்ணித்தான் போனது.

மேடு இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஓடையும் சிவப்பாகத்தான் ஓடுகிறதாம். பட்டணத்தில் ஊர்க்கூட்டம் கிடையாது. தேர்தலில் தெரிவானவர்கள் ஒரு சபையில் இருந்து தீர்மானிக்கிறார்கள். அலோயிஸுக்கு ஒன்று பிடிக்காவிட்டால் அவர்களுக்கு ஈமெயில் போடலாமாம். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, எல்லார் முகத்துக்கும் நேரே நான் எதிர் என்று சொல்ல, அந்த மனுஷனுக்கு இனி ஓர் இடம் இல்லை.